ஈபி பில்லில் ஒரு ப்ரமோஷன்

திங்கட்கிழமை காலை பத்தரை. கஸ்டமரிடமிருந்து எம்.டி.க்கு ஒரு மெயில். கூடவே ஒரு எக்ஸெல் ஷீட். எம்.டி. அதை ஜி.எம்.முக்குத் தள்ளுகிறார். ஜி.எம். குவாலிட்டிக்கு. குவாலிட்டி மேனேஜர், 'கரண்ட், டீசல்னு என்னென்னவோ கேக்குறான், இது மெயின்டனன்ஸ் வேலை' என்று ஒதுங்குகிறார். மெயின்டனன்ஸ் அதை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புகிறது. புதன்கிழமை ஷீட் யார் இன்பாக்ஸில் விழுந்ததோ அவர் திறந்து பார்க்கிறார். ஸ்கோப் 1, ஸ்கோப் 2, ஸ்கோப் 3, பதினைந்து நாளில் பதில் வேண்டும். அவரும் மூடி வைத்துவிட்டு டீக்குப் போகிறார்.

அந்த ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் குவாலிட்டி இன்ஸ்பெக்டரோ, பர்ச்சேஸ் அசிஸ்டென்டோ, டிப்ளமோ முடித்து ஆறு மாதமான டிரெய்னியோ, யாராக இருந்தாலும் சரி. ஆளில்லாத நாற்காலி கம்பெனிக்குள் அடிக்கடி கிடைக்காது. லேத் ஓட்ட, புரோகிராம் போட, இன்ஸ்பெக்‌ஷன் பார்க்க உங்களோடு நூறு பேர் போட்டி போடுகிறார்கள். கார்பன் கணக்கை ஆதாரத்தோடு போடத் தெரிந்தவர், நான் பார்த்த சிறு கம்பெனிகளில், பெரும்பாலும் ஒருவர்கூட இல்லை.

முதலில் அந்த மெயில் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் மீட்டிங்கில் வாய் திறக்காதீர்கள்.

உங்கள் கஸ்டமரான கார் கம்பெனியின் கார்பன் கணக்கில் அதன் சொந்த ஆலை சின்னப் பங்குதான். கார் ரோட்டில் ஓடும்போது எரியும் பெட்ரோல், டீசல் பெரும் பங்கு. அடுத்த இடம் காருக்குள் இருக்கும் இரும்பு, அலுமினியம், ரப்பர், கண்ணாடிக்கு. அவை எல்லாம் வெண்டர்கள் செய்து கொடுத்தவை. உலகம் முழுக்கக் கம்பெனிகள் பின்பற்றும் கணக்கு முறைக்கு ஜிஎச்ஜி புரோட்டோகால் என்று பெயர். 2001இல் வந்தது. அதன்படி கேட்டுக்குள் நீங்களே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2, மற்றதெல்லாம் ஸ்கோப் 3. இந்த ஸ்கோப் 3க்கென்று 2011இல் தனி விதிநூல் வந்தது. வாங்கும் பொருள், லாரி, வேலைக்கு வந்துபோகும் பயணம் என்று 15 பிரிவுகள். உங்கள் ஃபர்னஸில் எரியும் கேஸ் உங்களுக்கு ஸ்கோப் 1, கஸ்டமருக்கு ஸ்கோப் 3. அவர் தன் கணக்கை முடிக்க உங்கள் ஃபர்னஸுக்குள் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

அவரை யார் விரட்டுகிறார்கள்? முதலில் செபி. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தரவேண்டும். முதல் 250 கம்பெனிகள் தங்கள் வெண்டர்களின் விவரத்தையும் தருவது 2025-26 முதல் விருப்ப அடிப்படையில் வந்திருக்கிறது. அவர்கள் வாங்கும் மதிப்பில் 2 சதவீதமோ அதற்கு மேலோ உங்களிடமிருந்து போனால் நீங்களும் அதில் வருவீர்கள். 'விருப்பம்தானே' என்று எம்.டி. சொன்னால், விருப்பம் கஸ்டமருக்கு, நமக்கு இல்லை என்று மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்தது கஸ்டமரின் சொந்த வாக்குறுதி. ஹூண்டாய் 2045க்குள் கார்பன் நியூட்ரல் ஆவதாக அறிவித்திருக்கிறது. இந்திய ரயில்வேயின் இலக்கு 2030. ஹூண்டாய் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.புக்கும் அம்பத்தூரிலிருந்து சரக்கு போகும்வரை அந்த வருடங்கள் உங்கள் காலண்டரிலும் உண்டு.

கடைசியாக ஐரோப்பா. அதன் எல்லைக் கார்பன் வரியைச் சுருக்கமாக சீபேம் என்கிறார்கள். 2023 அக்டோபரில் ரிப்போர்ட் மட்டும் கேட்டுத் தொடங்கியது, 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை பட்டியலில் உள்ளன. 'நாம என்ன இரும்பா விக்கிறோம், போல்ட்தானே' என்று நிம்மதி அடையாதீர்கள். ஸ்க்ரூ, போல்ட், நட் அடங்கிய 7318 என்ற சுங்கக் குறியீடு அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. 1960களில் பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் வந்ததிலிருந்து போல்ட், நட் இந்த வட்டாரத்தின் சொந்தத் தொழில். யாருக்கு இது கவலை, யாருக்கு இது வாய்ப்பு என்று இப்போது புரிகிறதா?

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஷீட்டை நிரப்பாதீர்கள், முதலில் ஃபோல்டர் போடுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, கடைசி நாளில் உட்கார்ந்து எண்களை யோசிப்பது. தேவையான எண்கள் எல்லாம் ஏற்கெனவே கம்பெனிக்குள் எங்கோ கிடக்கின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு ஈபி பில். ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் பில். எல்பிஜி சிலிண்டர் சலான். ஏசிக்கு கேஸ் நிரப்பிய சர்வீஸ் ரிப்போர்ட். பர்ச்சேஸ் லெட்ஜரில் கிலோ கணக்கு. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மாதவாரியாகப் போடுங்கள். எந்த எண் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். ஆடிட்டர் வந்து 'இந்த ஆகஸ்ட் டீசல் எங்கிருந்து?' என்று கேட்கும்போது முப்பது விநாடியில் பில்லை எடுத்து நீட்டுபவரைப் பற்றித்தான் அவர் எம்.டி.யிடம் போய்ப் பேசுவார்.

ஏசி கேஸை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அதைத்தான். ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

2. நாலு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ எல்பிஜிக்கு ஏறத்தாழ 3 கிலோ. கிரிட் கரண்ட் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ; மத்திய மின்சார ஆணையம் இதை வருடாவருடம் வெளியிடுகிறது, எந்த வருடக் கணக்கோ அந்த வருட எண்ணை எடுங்கள். இந்தியாவில் ஒரு டன் ஸ்டீல் செய்யச் சராசரியாகச் சுமார் 2.5 டன், உலகச் சராசரி 1.9 பக்கம். இந்த நாலும் நாக்கு நுனியில் இருந்தால், மீட்டிங்கில் மற்றவர்கள் கால்குலேட்டர் தேடும் நேரத்தில் நீங்கள் பதில் சொல்லிவிடலாம். அந்த ஐந்து விநாடி இம்ப்ரெஷனுக்கு அப்ரைசல் வரை ஆயுள் உண்டு.

3. கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதிர்ச்சி அடைவீர்கள். ஒரு போல்ட் கம்பெனியைக் கற்பனை செய்வோம். மாதம் 100 டன் வயர் ராட் வாங்குகிறது. கரண்ட் 60,000 யூனிட். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு எல்பிஜி 4,000 கிலோ. ஜெனரேட்டருக்கு டீசல் 800 லிட்டர். கரண்டுக்கு 43 டன். எல்பிஜிக்கு 12 டன். டீசலுக்கு 2 டன். வயர் ராடுக்கு? 250 டன். மொத்தம் 307 டன்னில் 250 டன் கேட்டுக்குள் வருவதற்கு முன்பே உண்டாகிவிட்டது.

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் என்ன செய்கின்றன? கேட் பக்கம் ஐந்து வேப்பங்கன்று நட்டு, எம்.டி. தண்ணீர் ஊற்றும் போட்டோவைக் கஸ்டமருக்கு அனுப்புகின்றன. எல்இடி லைட் மாற்றி போர்டு வைக்கின்றன. எல்லாம் நல்லதே. ஆனால் கணக்கு பர்ச்சேஸ் டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. சப்ளை செயின் கார்பனைக் குறைக்க வேண்டும் என்றால் நீங்கள் போய் நிற்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

அடுத்த இடம் ஸ்கிராப் தொட்டி. அதே கம்பெனியில் 100 டன் வாங்கி 92 டன் போல்ட் அனுப்புகிறார்கள், 8 சதவீதம் ஸ்கிராப் என்று வையுங்கள். அதை 6 ஆக்கினால் அதே 92 டன்னுக்கு 98 டன்னுக்கும் கொஞ்சம் குறைவாக வாங்கினால் போதும். மிச்சம் 2.1 டன் ஸ்டீல், அதாவது மாதம் 5 டன்னுக்கு மேல் கார்பன். ஜெனரேட்டரை அடியோடு நிறுத்தினாலும் இதில் பாதிகூட வராது. செட்டிங்கில் வீணாகும் முதல் ஐம்பது பீஸ், துண்டு வெட்டும்போது விடும் கூடுதல் மில்லிமீட்டர், கஸ்டமர் ரிட்டர்ன், இவையெல்லாம் கார்பன்தான். குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: உங்கள் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டில் டன் கார்பன் என்று ஒரு காலம் சேர்த்தால் போதும். நீங்கள் செய்துகொண்டிருந்த பழைய வேலைக்கே புதுப் பெயர் கிடைத்துவிடும்.

4. மில்லைக் கேளுங்கள், டீலரை அல்ல. ஸ்டீல் எல்லாம் ஒன்றல்ல. தாதுவை நிலக்கரியோடு உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் ஸ்டீலுக்குக் கார்பன் அதிகம். ஸ்கிராப்பை கரண்டில் உருக்கும் ஆர்க் ஃபர்னஸ் ஸ்டீலுக்குக் குறைவு. அலுமினியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. பழையதை உருக்க, புதிதாகச் செய்யும் மின்சக்தியில் 5 சதவீதம் அளவே போதும். 2024 டிசம்பரில் மத்திய ஸ்டீல் அமைச்சகம் கிரீன் ஸ்டீலுக்கு ஸ்டார் முறை கொண்டுவந்தது. ஒரு டன் ஸ்டீலுக்குக் கார்பன் 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் கிரீன். 1.6க்குக் கீழே போனால் ஐந்து ஸ்டார்.

ஆகவே அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு இந்த கிரேடுக்கான கார்பன் எண்ணும் வேண்டும். டீலர் சிரிப்பார். சிரிக்கட்டும். சர்டிஃபிகேட்டில் மில் பெயரும் ஹீட் நம்பரும் இருக்கிறதல்லவா, நேராக மில்லின் சேல்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். பெரிய மில்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல; அவர்களும் ஐரோப்பாவுக்கு விற்பவர்கள். எந்த மில்லிலிருந்து வந்தது என்றே தெரியாத கலவைச் சரக்கைக் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைவு என்று வாங்குகிற பழக்கம் இருந்தால், அதை எக்ஸ்போர்ட் ஆர்டர்களுக்காவது நிறுத்தச் சொல்லுங்கள்.

சீபேமில் இது நேரடியாகப் பணம். வரியைக் கட்டுபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர். உங்களிடமிருந்து வெரிஃபை செய்யப்பட்ட எண் போகாவிட்டால் அவர் ஐரோப்பா நிர்ணயித்த டீஃபால்ட் எண்ணைப் போடவேண்டும். டீஃபால்ட் உங்களுக்குக் கருணை காட்டாது. அந்தச் செலவை அவர் உங்கள் விலையில் கழிப்பார், இல்லையென்றால் வேறு வெண்டரைப் பார்ப்பார். இன்னொரு நுணுக்கம். இரும்பு, ஸ்டீல் பொருள்களுக்கு சீபேமில் கரண்ட் கணக்கில் வராது. ஃபர்னஸ் கேஸும், மூலப்பொருளான வயர் ராடின் கார்பனும் வரும். ஆனால் கார் கம்பெனியின் ஷீட்டில் கரண்ட்தான் முதல் கேள்வி. இரண்டு ஷீட்டுக்கும் ஒரே எண்ணை காப்பி-பேஸ்ட் செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வருடத்துக்கு 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்யும் ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அது அவருடைய மொத்தக் கணக்கு, உங்கள் ஒரு ஆர்டருக்கானது அல்ல.

5. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஃபேக்டரிக்குப் போங்கள். ஷிஃப்ட் இல்லை, மெஷின் எதுவும் ஓடவில்லை. கம்ப்ரசரை மட்டும் ஆன் செய்யுங்கள். காற்றை யாருமே பயன்படுத்தாதபோதும் அது அவ்வப்போது லோடு ஆகும், ஏனென்றால் எங்கெங்கோ கசிகிறது. போனில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். லோடில் 2 நிமிடம், ஓய்வில் 6 நிமிடம் என்றால் 2ஐ 8ஆல் வகுங்கள். 25 சதவீதம் லீக். பராமரிப்பில்லாத லைன்களில் 20 முதல் 30 சதவீதம் சாதாரணம். 22 கிலோவாட் கம்ப்ரசர் மாதம் 500 மணி நேரம் ஓடினால், 25 சதவீத லீக்குக்கு 2,750 யூனிட் காற்றில் போகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 22,000 ரூபாய். கார்பனில் 2 டன். பெரிய ஸ்டீல் கணக்கின் முன்னே 2 டன் சிறுசுதான். ஆனாலும் இதை முதலில் செய்யச் சொல்கிறேன். காரணம், ஆயிரம் ரூபாய்க்கு ஹோஸ் கிளிப்பும் டெஃப்லான் டேப்பும் வாங்கினால் ஒரே மாதத்தில் ஈபி பில்லில் தெரியும். முதல் வெற்றி சீக்கிரம் வரவேண்டும், உங்கள் பெயரோடு வரவேண்டும். அப்போதுதான் அடுத்த தடவை பர்ச்சேஸில் நீங்கள் மூக்கை நுழைத்தால் எம்.டி. தடுக்க மாட்டார்.

எம்.டி.யிடம் சொல்லும் முறையும் ஒரு ஸ்கில். பூமி சூடாகிறது என்று ஆரம்பிக்காதீர்கள். ரூபாய் முதலில், எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது இரண்டாவதாக, கார்பன் கடைசியில். ஒரே பக்கம். லோன் தேவைப்படும் பெரிய வேலை, புது ஃபர்னஸ் போன்றது என்றால், மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ.யின் அடீட்டி திட்டத்தைப் பாருங்கள். 2025 ஜூலையில் தொடங்கியது. ஃபோர்ஜிங், ஃபவுண்டரி உட்பட 14 துறைகளில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் தருகிறது. உங்கள் துறையும் க்ளஸ்டரும் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

6. காற்றாலை யூனிட்டில் கவனம். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனி, குரூப் கேப்டிவ் முறையில் காற்றாலைக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தது. பயன்படுத்துபவர்கள் எல்லோரும் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பயன்படுத்த வேண்டிய ஏற்பாடு அது. ஈபி பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்துவிட்டுத்தான் மீதிக்குக் காசு போட்டிருந்தார்கள். நான் அந்த மீதியிலிருந்து இன்னொரு தடவை காற்றாலை யூனிட்டைக் கழித்தேன். ஷீட்டில் எங்கள் கரண்ட் கார்பன் கிட்டத்தட்ட பூஜ்யம். பெருமையாக அனுப்பினேன். கஸ்டமர் பக்கத்து இளைஞர் போன் செய்து, 'சார், உங்க ஃபேக்டரி கேண்டில் லைட்ல ஓடுதா?' என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு வரியாகப் போடுகிறேன்: கிரிட் சராசரிப்படி இவ்வளவு, நாங்கள் ஒப்பந்தம் போட்டு வாங்கிய பசுமைக் கரண்டைக் கணக்கில் எடுத்தால் இவ்வளவு. புரோட்டோகால் இரண்டையும் கேட்கிறது.

7. ஜாப் ஒர்க் ஷெட்டுக்கு மெயில் அனுப்பாதீர்கள், பைக்கை எடுங்கள். உங்கள் போல்டுக்குப் பிளேட்டிங் எங்கோ ஒரு சந்தில் நடக்கிறது. அங்கே ஓனரே சூப்பர்வைசர், அவரே கேஷியர். கஸ்டமர் உங்களுக்கு அனுப்பிய நாற்பது காலம் ஷீட்டை அப்படியே அவருக்கு ஃபார்வர்ட் செய்தால் அது ஜென்மத்துக்கும் திரும்பி வராது. நேரில் போனாலும் முதல் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, உங்க ஈபி பில்லை ஒரு தடவை பாக்கலாமா?"

"எதுக்கு தம்பி? ரேட்டைக் குறைக்கச் சொல்லப்போறீங்களா?"

அவர் பயம் நியாயமானது. செலவு விவரம் தெரிந்தவுடன் விலையைக் கிள்ளுகிற வழக்கம் நம் ஏரியாவில் உண்டு. ஆகவே ரூபாயை மறைத்துவிட்டு யூனிட்டை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மாதம் மொத்தம் எத்தனை கிலோ பிளேட்டிங், அதில் நம் சரக்கு எத்தனை கிலோ? அந்தப் பங்குதான் நமக்கு வேண்டும். மூன்று எண், அவ்வளவே. பதிலுக்கு நீங்கள் ஏதாவது கொடுங்கள். அவர் கம்ப்ரசருக்கும் அந்த லீக் டெஸ்ட்டைச் செய்து காட்டுங்கள். அவருடைய பழைய பில் அக்கவுண்ட்ஸில் தூங்கினால் எழுப்பிவிடுங்கள். பத்து ஜாப் ஒர்க்கரின் நம்பிக்கை உங்கள் போனில் இருந்தால் அது கம்பெனி மாறினாலும் கூடவே வரும் சொத்து.

8. லாரி விஷயத்தில் அளவோடு உழையுங்கள். குட்டியானை அரை லோடில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்க் காலியாகத் திரும்புவது கண்ணை உறுத்தும். பூந்தமல்லியில் அது சிக்னலில் நின்றுகொண்டே டீசல் குடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் போல்ட் கம்பெனியின் கணக்கில் இது சில சதவீதம்தான். பக்கத்து மூன்று வெண்டர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பும் மில்க் ரன், அட்டைப்பெட்டிக்குப் பதில் திரும்பி வரும் பிளாஸ்டிக் பின், வண்டலூர்-மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்து நகர நெரிசலைத் தவிர்ப்பது, இந்த மூன்றையும் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ஒரே விதிவிலக்கு ஏர் ஃப்ரைட். கப்பலில் போகவேண்டிய சரக்கு பிளானிங் சொதப்பலால் விமானத்தில் போனால் டன்-கிலோமீட்டருக்குப் பல பத்து மடங்கு கார்பன், செலவும் பல மடங்கு. உற்பத்தியைத் திட்டமிடும் பி.பி.சி. பிரிவில் வேலை பார்ப்பவர்கள் போன வருடம் எத்தனை தடவை ஏர் ஃப்ரைட் போனது, ஏன் போனது என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். அது யாருக்கும் பிடிக்காத பட்டியல், எம்.டி.க்கு மட்டும் பிடிக்கும்.

வேலைக்கு வந்துபோகும் பயணமும் ஸ்கோப் 3இல் ஏழாவது பிரிவாக இருக்கிறது. ஆவடியிலிருந்து ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குபவர் எத்தனை பேர், பைக்கில் வருபவர் எத்தனை பேர் என்று பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எண் சிறியது. ஆனால் நீங்கள் எல்லாப் பிரிவையும் பார்த்தவர் என்று காட்ட உதவும்.

9. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே சொல்லுங்கள். இந்தத் துறையில் ஒரு தடவை பொய் எண் கொடுத்து மாட்டினால் முடிந்தது. பில் கிடைக்காத மாதத்துக்கு முந்தைய மாதச் சராசரியைப் போட்டால் அந்தக் கட்டத்தை மஞ்சள் ஆக்கி 'எஸ்டிமேட்' என்று எழுதுங்கள். ஆடிட்டருக்கு மஞ்சள் கட்டம் பிடிக்கும். சுத்தமாக எல்லாம் பச்சையாக இருந்தால்தான் சந்தேகப்படுவார். மொத்த டன்னையும் ஒரு டன் போல்டுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். ஆர்டர் குறைந்ததால் கார்பன் குறைந்ததை சாதனையாகக் காட்டுகிற மேனேஜர்கள் உண்டு. அந்த ஸ்லைடில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது.

ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் 'பருவநிலையால் உங்கள் தொழிலுக்கு ஆபத்து உண்டா?' என்று ஒரு கேள்வி பெரும்பாலும் இருக்கும். பலர் 'இல்லை' என்று டிக் போடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் யூனிட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்கள் மூழ்கிக் கிடந்ததை மறந்துவிட்டா டிக் போடுகிறார்கள்? 'உண்டு' என்று எழுதி, பேனலை எவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம், மாற்று குடோன் எங்கே என்று இரண்டு வரி சேருங்கள். சப்ளை நிற்காது என்ற அந்த உறுதிதான் கஸ்டமருக்கு வேண்டும்.

10. சர்டிஃபிகேட் வேண்டுமா? வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஒரு வருட ஷீட்டை முழுதாக முடியுங்கள். ஜிஎச்ஜி புரோட்டோகால் விதிநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, இரவில் அரை மணி நேரம் படித்தால் போதும். பிறகு இன்ஜினியரிங் பின்னணி இருப்பவர்கள் பி.இ.இ.யின் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் தேர்வைக் குறி வையுங்கள். மேனேஜருக்கு மூன்று பேப்பர், ஆடிட்டருக்கு நான்கு. காமர்ஸ் பின்னணி என்றால் ஐ.எஸ்.ஓ. 14064 பயிற்சி பொருந்தும். 'ஆறு வாரத்தில் ஈஎஸ்ஜி எக்ஸ்பர்ட்' என்று லட்ச ரூபாய் கேட்கும் கோர்ஸ்களை விட்டு விலகி நில்லுங்கள். ஈபி பில்லைக் கையில் எடுத்துப் பார்க்காத எக்ஸ்பர்ட் இங்கே யாருக்கும் தேவையில்லை.

ரெஸ்யூமில் 'சஸ்டெயினபிலிட்டியில் ஆர்வம்' என்று எழுதாதீர்கள். ஆர்வத்துக்குச் சம்பளம் கிடையாது. 'ஸ்கோப் 1, 2 மற்றும் வாங்கும் ஸ்டீலுக்கான கார்பன் கணக்கைத் தனியாகத் தயாரித்தேன். கஸ்டமர் ஆடிட்டில் எண் எதுவும் மாற்றப்படவில்லை. கம்ப்ரசர் லீக்கை 25இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தேன்' என்று எழுதுங்கள், நீங்கள் உண்மையாகச் செய்த எண்களோடு. இன்டர்வியூவில் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்பார்கள். கேட்கட்டும், அது உங்கள் ஆடுகளம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலை பழைய வேலையோடு சும்மா ஒட்டிக்கொள்ளும். 'நல்லா செய்றீங்க தம்பி, இதையும் பாத்துக்குங்க' என்று தோளில் தட்டுவார்கள். தட்டல் வேண்டாம், டெசிக்னேஷன் வேண்டும். கஸ்டமர் மெயிலில் உங்கள் பெயர் நேரடியாக வரவேண்டும், மேனேஜர் வழியாக அல்ல. கன்சல்டன்ட் வந்தால் அவருக்கு டேட்டா எடுத்துக் கொடுக்கும் பையனாக ஆகிவிடாதீர்கள். ஃபார்முலா ஷீட் உங்களிடம் இருக்கட்டும், அவர் சரிபார்க்கட்டும்.

சம்பளப் பேச்சை ஏப்ரல் அப்ரைசல் வரை தள்ளிப் போடாதீர்கள். அப்போது எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கஸ்டமர் ஆடிட் முடிந்து ஸ்கோர் மெயில் வரும் நாள் ஒன்று உண்டு. எம்.டி. அதைச் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்வார். மறுநாள் காலை, பர்ச்சேஸ் ஆட்கள் வருவதற்கு முன், அடுத்த வருடத்துக்கான ஒரு பக்கத் திட்டத்தோடு அவர் ரூம் கதவைத் தட்டுங்கள். திட்டத்தின் முதல் வரியில் ஸ்கிராப் சதவீதம், இரண்டாவது வரியில் மிச்சமாகும் ரூபாய், கடைசி வரியில் உங்கள் புது டெசிக்னேஷன்.